வாசிக்கிற குரல்

விஜயதசமி கழிந்து இரண்டாவது வாரம் அம்மாவின் பெட்டி திக்கத் தொடங்கியது. பெட்டி என்பது அம்மா வைத்த பெயர். பாட்டுக் கேட்பதற்கென்று விற்கிற சின்னக் கருவி அது. தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், முன்பக்கம் மேடான மூன்று பொத்தான்கள், பக்கவாட்டில் ஒன்று. திரை எப்போதோ மங்கி அணைந்துவிட்டது. கண் தெரியாதவருக்குத் திரை எதற்கு என்று நானும் அதைத் திருத்தவில்லை.

அம்மா பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். சலரோகம் என்கிற நீரிழிவு அவருடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முழுதாகப் போன அன்று அவர் அழவில்லை. "இனி ஆர் எனக்கு வாசிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டில் அவரும் நானும்தான் இருந்தோம். ஆகவே நான்தான்.

நல்ல ஃபோன் ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் தடவித் தடவி யாரோ முன்பின் தெரியாத ஆளுக்கு அழைப்பு எடுத்து, அந்த மனிதரிடம் சிங்களத்தில் சுகம் விசாரித்துவிட்டு வைத்தார். அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி. இதில் விரலுக்குப் பொத்தான் தட்டுப்படும். பாட்டு மட்டுமல்ல, குரலையும் பதியலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்த்து வழிய வழியக் கதைப் புத்தகங்களும் வாரப் பத்திரிகையும் வாசித்துப் பதிவேன். வேலை நாட்களில் நான் வெளியே இருக்கிற ஒன்பது மணித்தியாலமும் அம்மாவுக்கு அந்தக் குரல்தான் துணை.

கனடாவில் இருக்கும் அண்ணா சனிக்கிழமை தவறாமல் ஃபோன் எடுப்பார். எடுத்தால் ஒரே பல்லவி. "அம்மாவை நல்ல முதியோர் இல்லமாப் பாத்து விடுவம். தனிய விழுந்து கிழுந்து போனா ஆர் பாக்கிறது?" நானும் ஒரே பதில்தான் சொல்வேன். "அவ ஒரு நாளும் விழுந்ததில்லை. பெட்டியைக் கேட்டுக்கொண்டு சந்தோசமா இருக்கிறா." பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா பலமாகத் தலையாட்டுவார். அவருக்கு இந்த வீட்டை விட்டு எங்கும் போக விருப்பமில்லை. எனக்கும் அவரை எங்கும் விட மனமில்லை. அந்தப் பெட்டி ஓடும்வரைக்கும்தான் எங்கள் இரண்டு பேரின் பேச்சும் எடுபடும் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளை, பெட்டி நிண்டு நிண்டு கதைக்குது," என்று அம்மா முதலில் சொன்னபோது நான் அலுவலகத்தால் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கள் எதையோ அமத்தியிருப்பியள்."

"நான் நடுவில இருக்கிறதை மட்டும்தான் அமத்தினனான்."

"அப்ப பேய் வந்து அமத்தினதோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ்ஸில் நின்று வந்த கோபம், மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபம் எல்லாம் வீட்டு வாசலில்தான் இறங்கும். பெட்டியை வாங்கிக் காதில் வைத்தேன். என்னுடைய குரல், "அவன் கத... கத... கதவை..." என்று திக்கியது. பிறகு அறவே நின்றுவிட்டது. சார்ஜ் போட்டேன். ஊசியால் குத்துகிற துளையில் குத்தினேன். தட்டினேன், உதறினேன். அடுத்த நாளும் அதே கதைதான். நான் வேலைக்குப் போனபின் அந்தச் சத்தமில்லாத வீட்டில் அம்மா என்ன செய்வார் என்று நினைத்து நினைத்து, அலுவலகத்தில் ஒரே கடிதத்தை இரண்டு தரம் அனுப்பினேன்.

எங்கள் வீட்டில் கணினி கிடையாது. அலுவலகக் கணினியில் வெளியார் சாமான் எதையும் செருகக் கூடாது. காலி வீதியில் இருக்கும் ஃபோன் கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாமவர் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தால் சிலவேளை சரிவரும் என்றார். உள்ளே இருப்பது இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். அவருடைய கையிலிருந்து பெட்டியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டேன். மூன்றாவது கடையில்தான், "கொட்டாஞ்சேனையில ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், பழைய சாமானெல்லாம் திறந்து பாப்பார்," என்று வழி சொன்னார்கள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்து, ரேடியோவைப் போட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

"அதை நிப்பாட்டு," என்றார் அம்மா. "அது விளம்பரம் சொல்லும். கதை சொல்லாது. நீ போட்டு வா."

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் புறக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். போகிற வழியெல்லாம் கண்டதையும் யோசித்தேன். குசினியில் காஸைப் பூட்டினேனா? குளியலறை வாசலில் ஈரம் இருந்ததா? மேசைக்கரையில் வைத்த கத்தியை எடுத்து வைத்தேனா? பூட்டினேன், துடைத்தேன், எடுத்தேன் என்று எனக்கு நானே பதில் சொல்லி முடிப்பதற்குள் முதல் கேள்வி திரும்ப வந்துவிடும். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னை அறியாமல் உதடு அசைந்திருக்கவேண்டும்.

அந்த நானாவின் கடை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே நிற்கவேண்டிய அளவு. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, சின்னத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியில் போட்டார். பிறகு பெட்டியின் பக்கவாட்டை விளக்கின் கீழே பிடித்தார்.

"மிஸ், இதுல என்ன பூசினீங்க? மஞ்சளா என்னமோ ஒட்டி ஈக்கி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சந்தனம்.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியை நீட்டி, "இதையும் வை பிள்ளை. இப்ப இதுதானே என்ர புத்தகம்," என்றார். முன்பக்கப் பொத்தான்களில் சந்தனம் பட்டால் அம்மாவின் விரலுக்கு அடையாளம் தவறும் என்று, வலு புத்திசாலித்தனமாகப் பக்கவாட்டில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். அங்கேதான் குரல் பதிகிற பொத்தான் இருந்தது. விஜயதசமியன்று ஈரத்துணியால் துடைத்தபோது மிச்சமும் கரைந்து உள்ளே போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு வாசிக்க உட்கார்ந்தபோது அந்தப் பொத்தான் இறுக்கமாகத்தான் இருந்தது. நான் நகத்தை வைத்து அழுத்தினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்து நாள் அம்மாவை ஏசினேன்.

நானா விளக்கமாகச் சொன்னார். உள்ளே போன பொத்தான் முழுதாக எழும்பவில்லை. கை கொஞ்சம் இறுகினாலே அது அமர்ந்துவிடும். அமர்ந்தால், ஓடிக்கொண்டிருப்பது நின்று, பெட்டி தானாகவே பதியத் தொடங்கும். அப்படிப் பதிந்து பதிந்து உள்ளே இடமில்லாமல் போனதால்தான் மிச்ச நேரமும் திக்குகிறது.

"இடம் நிரம்பிட்டு மிஸ். பாருங்க," என்று பெட்டியைத் தன் கணினியில் கொளுவினார். முதலில் என்னுடைய வாசிப்பு ஒன்றைப் போட்டார். திக்காமல் ஓடியது. சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "இது நீங்களா? அழகா வாசிக்கிறீங்க. கேட்டுக்கிட்டே இருக்கலாம்." பிறகு, "மத்தது என்னண்டு பாப்போம், தேவையில்லாட்டி அழிச்சிருவோம்," என்று அடுத்ததைத் தட்டினார்.

கடைக்குள்ளே எங்கள் வீடு வந்தது. கரையோர ரயில் கடக்கிற இரைச்சல், ஜன்னலில் காகம், பிறகு அம்மா.

"என்ன, நிண்டிட்டாய்?"

அம்மாவே தொடர்ந்தார்.

"சொல்லு பிள்ளை. அவன் கதவைத் திறந்தவனோ, இல்லையோ?"

அம்மா காத்திருந்தது கேட்டது. காத்திருப்பதற்குச் சத்தம் இல்லைதான். ஆனாலும் எனக்குக் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது. "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." குசினிக்குப் பதினொரு காலடி. பார்வை போன புதிதில் நான்தான் கையைப் பிடித்து எண்ணப் பழக்கினேன்.

எல்லாப் பதிவும் அப்படித்தான் தொடங்கின. என்னுடைய குரல் நின்ற இடத்தில் அம்மாவின் குரல். ஒன்றில் கோபித்துக்கொண்டார். ஒன்றில் பழைய மாணவிக்குச் சொல்வதுபோல, "ஆறுதலா வாசி, ஒருதரும் துரத்தேல்லை," என்றார். நான் போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானா அடுத்ததைத் தட்டினார்.

"நாலு, அஞ்சு, ஆறு, ஏழு..." எட்டு வரவில்லை. தொம்மென்று ஒரு சத்தம். ஒரு தம்ளர் உருண்டு போய் எங்கோ முட்டி நின்றது. நானாவின் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. ஒரு ரயில் போகும்வரை அம்மாவிடமிருந்து மூச்சைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல, "ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை," என்றார். அது தனக்குச் சொன்னது. அதன்பிறகு சொன்னதும் தனக்குத்தான். "அவளுக்குச் சொல்லக் கூடாது. ஏசுவாள்."

நானா திரையில் அம்புக்குறியை இழுத்துப் பதிவின் கடைசிப் பகுதிக்குப் போனார். அன்று பின்னேரம்வரை அது பதிந்திருக்கிறது. சாவி திரும்பியது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. ஒரு பெண் குரல் கத்தியது.

"என்னம்மா இது, சோறு அப்பிடியே கிடக்குது? நிலமெல்லாம் தண்ணி! எத்தனை தரம் சொல்றது? நான் ஒருத்தி எத்தனையைப் பாக்கிறது?"

நானா அதை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உம்மாவைப் பாக்க ஆள் வெச்சிருக்கீங்களா மிஸ்?"

நான் ஓம் என்றேன்.

"செல்றேன்டு குறை நினைக்காதீங்க. அந்தப் பொம்புள கொஞ்சம் சத்தம் போடுறா. கண் தெரியாத மனுஷி, விழுந்தும் செல்லப் பயப்புடுறாங்களே. பாத்து மாத்துங்க."

அதற்கும் ஓம் என்றேன். அந்தக் கடையில் திரும்புவதற்கு இடம் இருந்தாலும் நான் திரும்பியிருக்கமாட்டேன். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாவின் பதிவுகளையெல்லாம் அழித்துவிடவா என்று கேட்டார். அழிக்கச் சொன்னேன். அப்போது என் நினைவில் முதலில் வந்தது அண்ணாவுக்கு இது தெரியக் கூடாது என்பதுதான், அம்மா விழுந்தது அல்ல. இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது.

அவர் பொத்தானைத் துப்புரவாக்கிப் பூட்டுகிற நேரத்தில் வீட்டு ஃபோனுக்கு அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். ஐந்தாறு மணி அடிக்கிறதைத் தாங்க முடியாமல் நானே வெட்டிவிட்டு மறுபடியும் எடுத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிற பொறுமை இல்லை. முச்சக்கர வண்டியில் ஏறி, "கெதியாப் போங்கோ," என்றேன். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னேன். காலி வீதி முழுக்க வாகனம் அடைத்துக்கொண்டு நின்றது. வழி நெடுக அந்தத் தம்ளர் உருண்டுகொண்டே வந்தது. ஏழுக்குப் பிறகு எட்டு, எட்டு என்று நானே எண்ணிக் கொடுத்தேன்.

லிஃப்ட் மேலே எங்கோ நின்றது. படியால் ஓடினேன். கதவைத் திறந்தேன்.

அம்மா நாற்காலியில் இருந்தார். இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கை மடியில், முகம் கதவுப் பக்கம்.

"நீயோ? ஃபோன் அடிச்சது பிள்ளை. நான் எழும்பி வரமுன்னம் நிண்டு நிண்டு போச்சு. கெதியா நடக்கப் பயமாக் கிடந்தது."

ஏன் எடுக்கவில்லை என்று கத்துவதற்குத் தொண்டைவரை வந்துவிட்டது. பழக்கம். அதை விழுங்கிக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஹவுஸ்கோட்டை முழங்கால்வரை தூக்கினேன். பச்சையும் மஞ்சளுமாக மங்கிப்போன கண்டல் காயம், அதன்மேல் திருநீறு. அம்மா படக்கென்று துணியை இழுத்து மூடினார்.

"அது கட்டில் விளிம்பு பட்டது," என்றார்.

"பரவாயில்லை அம்மா," என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. "நோகுதோ? தேத்தண்ணி போட்டுத் தரட்டோ?"

அம்மாவின் முகம் வெளிறியது. மடியில் இருந்த கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின.

"என்ன நடந்தது? அண்ணாவுக்கு ஏதுமோ?"

"ஒருதருக்கும் ஒண்டுமில்லை அம்மா."

"என்னை எங்கேயும் கொண்டுபோய் விடப்போறியளோ?"

"இல்லை அம்மா. பெட்டி சரி. இந்தாங்கோ."

கையில் வைத்தேன். அம்மாவின் பெருவிரல் நடுப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தது. ஆனால் அமத்தவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி, நான் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே பார்த்தபடி கேட்டார்.

"அப்ப ஏன் பிள்ளை வாசிக்கிற குரலில கதைக்கிறாய்?"