போடிமெட்டுக் காற்றில் பறக்காத கூடாரம்

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். கேட்கத்தான் ஆளில்லை. ஏலத்தோட்டத்தில் ரத்தம் எடுக்க வந்தவர்களின் கூடாரம், என் தங்கை செல்லத்தாயின் காய்ச்சல், அன்றைக்கு அடித்த காற்று, எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலையில், போடி ஊரில் பாதியை முட்டுக்கொடுத்து நிறுத்தியவன் நான். படிப்பு ஒன்பதாவதோடு நின்றாலும், சுவரைத் தட்டிப் பார்த்தே கட்டடத்தின் வயதைச் சொல்லிவிடுவேன்.

ஆவணியில் ஒரு நாள் செல்லத்தாயி போன் செய்தாள். அவளும் மாப்பிள்ளையும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறார்கள். நாலு நாளாகக் காய்ச்சல், தலை பிளக்கிறதாம். “இங்க ஆராய்ச்சின்னு கூடாரம் போட்டு ரத்தம் கேக்குறாகண்ணே. குடுக்கவா?” என்றாள். ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே, நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன்.

சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஆராய்ச்சி செய்யப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து, எங்கள் பக்கம் ஒருவன் முதுகுப்பையோடு மலையேறினாலே நாலு பேர் பின்னால் போய்ப் பார்ப்போம். அந்த நாலு பேரில் முதல் ஆள் நான்.

விடிகாலையில் வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் நூறு ரூபாய் கொடுத்து முன் சீட்டைப் பிடித்தேன். மெட்டு வரை இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டில் உட்கார்ந்தால் அடிவாரத்து முந்தலில் குடித்த டீ திரும்பி வந்துவிடும். ஓட்டுகிற முத்துப்பாண்டி என் சங்கதியைக் கேட்டுவிட்டு, “கூடாரத்துக்கு முட்டுக்குடுக்கப் போறீகளா மாமா?” என்றான். ஜீப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

லயத்திலிருந்து செல்லத்தாயியைக் கூட்டிக்கொண்டு திரும்புகிற வழியில் கூடாரத்தைப் பார்த்ததும் சந்தேகம் இரட்டிப்பானது. சுண்டுவிரல் கனத்துக் குழாய்களைக் குடைக்கம்பி மாதிரி கோத்து, மேலே வெள்ளைத் துணி. உள்ளே மைக்ராஸ்கோப், ஐஸ் பெட்டி, திரை போட்ட கட்டில். அஸ்திவாரம் எங்கே என்று அங்கிருந்த இன்ஜினியர் பையனைக் கேட்டேன். அது கிடையாதாம். ஜீப் போகாத சரிவுக்கும் ரெண்டு பேர் தூக்கிப்போக வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்தார்களாம். “காத்தடிச்சா வளைஞ்சு குடுக்கும் சார், அப்புறம் நிமிந்துக்கும். இது மலையில தாங்குதான்னு பாக்கறதும் எங்க ஆராய்ச்சிதான்” என்றான். அஸ்திவாரம் இல்லாமல் ஒருவன் ஆஸ்பத்திரி போட்டால், ராத்திரியோடு ராத்திரியாகச் சுருட்டிக்கொண்டு ஓடத்தான் என்று என் அனுபவம் சொன்னது. உரக்கவே சொன்னேன். வரிசையில் நின்ற பெண்களில் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள்.

அப்போதுதான் அந்தக் காற்று. ஏலக்காய் ஸ்டோரின் கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து ஓடைக்குப் போய் விழுந்தது. கூடாரம் தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்து, ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்தது. நான் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம்.

காற்று அடங்கியதும் உள்ளிருந்து ஒரு டாக்டரம்மா வெளியே வந்து பெண்களிடம் கேட்டார். “உடம்புல எங்கயாவது கருப்பாப் பொருக்கு இருக்கா? வலிக்காது, அரிக்காது. இடுப்பு, கக்கம் மாதிரி மறைவான இடமா இருக்கும்.” செல்லத்தாயி இடுப்பைத் தொட்டாள். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தாள். தோட்டத்தில் எது கடித்தாலும் அட்டை என்று சுண்ணாம்பு வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள்.

நான் உடனே கணக்குப் போட்டேன். “அட்டைன்னா ரத்தம் நிக்காது, அரிச்சுத் தள்ளும். இது வலிக்கவே இல்லங்குற. உள்ள போ ஆத்தா” என்று கையைப் பிடித்து நானே கூட்டிப்போனேன்.

சுண்ணாம்பைத் துடைத்தால், பீடி சுட்ட மாதிரி கருத்த பொருக்கு. உண்ணிக்காய்ச்சல். சருகுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்து வருவதாம். இன்னும் சில நாள் போயிருந்தால் நுரையீரலைப் பிடித்திருக்கும் என்றார்கள். மாத்திரை கொடுத்து, அவளை என்னோடு போடி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் நாள் கஞ்சி வேண்டாம், கறிக்குழம்பு கொண்டா என்றாள்.

கூடாரத்தை விட்டுக் கிளம்புமுன், சோதனைக்கு எடுத்ததில் மிச்ச ரத்தம் எங்கே போகிறது என்று மட்டும் விடாமல் கேட்டிருந்தேன். வேண்டாமென்றால் அழித்துவிடுகிறோம் என்றார் டாக்டரம்மா. “வச்சுக்கங்க தாயி, இன்னொருத்திக்கு ஆகும்” என்றாள் தங்கை. எனக்கு இன்னும் அரை சந்தேகம் பாக்கி.

ஏலக்காட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். சருகில் வெறுமனே உட்காராதீர்கள். அறைக்கு வந்ததும் உடுப்பை மாற்றி, குளித்து, உடம்பைத் துழாவிப் பாருங்கள். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், மலைக்குப் போனதையும் பொருக்கையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சுண்ணாம்பு வெற்றிலைக்கு மட்டும்.

செல்லத்தாயி இதைப் படிப்பாள் என்பதால் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். அட்டைக் கணக்கு நான் போட்டதில்லை. டாக்டரம்மா கேட்டதும் அவளே போட்டது. நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகவும் இல்லை. வாசலில் குறுக்கே கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றேன். அவள் அதைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள்.