கறுப்புத் திரையில் எல்லாம் சரி

அந்தப் பல் மருத்துவமனையில் கணினி வேலைக்கு ஒரே ஆள். முன்பதிவுப் பக்கத்தின் நிரலை எழுதியவரும் அவர்தான், சோதிப்பவரும் அவர்தான். மற்றவர்களைப் போல பிரவுசரில் பெயரும் தேதியும் நிரப்பிப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். சோதிக்கும் நாட்களில், காலையில் வந்ததும் கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டுவார். சோதனைப் பதிவு ஏறிவிடும். யார் குறை சொன்னாலும் "என்கிட்ட ஓடுதே" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேசுவது வீண்.

வரவேற்பு மேஜையில் இருந்தவள் அவர் மனைவியின் தங்கை. ஆன்லைனில் பதிந்தேன் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் பெயர், சில நாட்களில் அவளுடைய பட்டியலில் இல்லை. மேலாளர் கேட்டபோது, நிரலில் பழுதில்லை, மேஜையில்தான் கைதவறி அழிக்கிறார்கள் என்று இவர் அடித்துச் சொன்னார். கூசாமல் சொன்னார். வெள்ளிக்கிழமையோடு அவளை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவள் இவரிடம் வந்து செல்போனை நீட்டினாள்.

"மாமா, நோயாளி மாதிரி இதுல ஒரு தடவை பதிஞ்சு பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாகப் பதிந்தார். 'பதிவாகிவிட்டது, நன்றி' என்று வந்தது. பட்டியலில் இல்லை. மறுபடி பதிந்தார். அப்போதும் இல்லை.

நிரலைத் திறந்து பார்த்ததும் விளங்கியது. பதிவுகளுக்கு நாளுக்கு ஒரு கோப்பு. அன்றைய முதல் பதிவைப் போடுபவருக்கே அது சொந்தமாகும்; மற்றவர் அதில் எழுத முடியாது. கறுப்புத் திரையில் இவர் முந்திக்கொண்ட நாட்களில் கோப்பு இவருடையதாகி, நோயாளிகள் பதிவதை எழுதும் சர்வரால் அதில் எழுத முடியாமல் போயிருக்கிறது. எழுத முடியாவிட்டாலும் நன்றி சொல்லும்படி வைத்தவரும் இவரே. இவர் சோதிக்காத நாட்களில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. புகார் வர வர இவர் விடாமல் சோதித்தார், பெயர்களும் விடாமல் தொலைந்தன. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேராக மேலாளரிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் வேலையில் தொடரலாம் என்று முடிவானது. அதைச் சொல்ல வரவேற்பு மேஜைக்கு வந்தபோது, நாலு பேர் முன்னால் நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார்.

கேட்டு முடித்ததும் அவள் பெருமூச்சு விட்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இத்தனை நாளும் நானே நம்பிட்டேன் மாமா. என்னையறியாம நான்தான் அழிக்கிறேன்னு பயந்து, கீபோர்டை ஒரு விரலாலதான் தட்டிட்டிருந்தேன்."