மூன்றாவது தடவை கிடையாது

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் நிதானம். சோற்றை எதிரில் வைத்தால் ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பியா?" என்று நான் கேட்டு, அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறார். அப்படிப்பட்டவன் எட்டுப் பயணிகள் போகும் சின்ன விமானத்தை ஓட்டப் போனான் என்றால் எவன் நம்புவான்? ஆனால் இத்தனை வருஷத்தில் அவனை நம்பி ஏறிய ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

எங்கள் விமானத் தளத்தில் ஒரே ஒரு ஓடுபாதை. காற்று அதற்குக் குறுக்கே அடித்தால் பெரிய ரோதனை. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு மாதிரி பக்கவாட்டில் வரவேண்டும். தரையை நெருங்கியதும் மூக்கை நேராக்கி, காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, அந்தப் பக்கத்துச் சக்கரத்தை முதலில் வைக்க வேண்டும். காற்று சீராக இருந்தால் சமாளித்துவிடலாம். விட்டு விட்டு மோதுகிற காற்று இருக்கிறதே, சக்கரம் தொடப்போகும் நேரம் பார்த்து இறக்கையைத் தூக்கிவிடும். அதற்காக அவன் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். இரண்டு தடவை பார்ப்பான், முடியவில்லையென்றால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தளத்துக்குப் போய்விடுவான். மூன்றாவது தடவை கிடையாது, உள்ளே மந்திரியே இருந்தாலும் சரி.

அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்று காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "வர வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்கம்மா" என்றார். தம்பிக்குப் போன் போட்டேன். "மத்தியானம் வந்துடுறேன்க்கா, அம்மாகிட்ட சொல்லு" என்றான். சொன்னேன். கண்ணைத் திறக்க முடியாதவர், அதற்கப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

மத்தியானம் பாழாய்ப்போன காற்று கிளம்பிவிட்டது. ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவன் விமானத்தின் சத்தம் அத்துப்படி. அடங்கினால் இறங்கிவிட்டான், மறுபடி உறுமினால் இறங்கவில்லை.

"வந்துட்டான்டி" என்றார் அம்மா. சத்தம் தாழ்ந்தது. பிறகு உறுமியது. "பரவாயில்ல, சுத்திட்டு வருவான்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

இரண்டாவது தடவை நான் ஜன்னலுக்கு ஓடினேன். இறக்கையைச் சாய்த்தபடி வந்தான். சக்கரம் தரையைத் தொட்டதா இல்லையா, அதற்குள் காற்று ஒரு மோது மோதியது. இறக்கை விசுக்கென்று எழும்பியது. உறுமிக்கொண்டு மேலே போனான், மலைப் பக்கம் திரும்பினான்.

"ஏண்டி, சத்தம் தூரமாப் போகுதே? நான் இங்கதான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா. வந்துடுவான்மா."

அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே போய்விட்டார்.

சாயங்காலம், தளத்திலிருந்து விமானிகளோடு வானொலியில் பேசுகிறவர் வந்தார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "இன்னொரு தடவை பார்க்கிறியா தம்பின்னு நானே கேட்டேங்க. 'வேணாம்ண்ணே, இறங்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு, இந்த ஆசையோட இறங்கக் கூடாது, பின்னாடி எட்டுப் பேர் இருக்காங்க'ன்னு சொல்லிட்டார்."

"பெத்தவளைவிட எவனோ எட்டுப் பேர் பெருசாப் போயிட்டாங்களா?" என்றார் சித்தப்பா.

"அதுல ஒருத்தி உங்க பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று சீறினேன். அவரிடம் சீறினேனே தவிர, என் வயிறும் பற்றித்தான் எரிந்தது. ஒரே ஒரு தடவை, பாவி, இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

இருட்டுகிற நேரத்தில், மலையைச் சுற்றிக்கொண்டு வாடகைக் காரில் வந்து சேர்ந்தான். சீருடையைக்கூட மாற்றவில்லை. அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அம்மாவுக்குச் சத்தம் கேட்டுச்சாக்கா?"

"இல்லடா. நீ வர்றதுக்கு முன்னாடியே நினைவு தப்பிடுச்சு."

"நல்லவேளைக்கா" என்றான். "கேட்டிருந்தா, விட்டுட்டுப் போறான்னு நினைச்சிருப்பாங்க."

அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தான்.