எலி டாக்டருக்கு எலி ஆகாது

லிப்டில் யாராவது தும்மினால் அவர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார். போக வேண்டிய மாடி எது என்பதெல்லாம் பிறகு. தும்மியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய கணவர் லிப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். "ஊர்ல இருக்கிற லிப்டையெல்லாம் நான் ஓட வெக்கறேன் சார். என் பொண்டாட்டி மட்டும் படி ஏறியே இளைச்சுட்டா" என்பார்.

அவர்கள் வீடு எங்களுக்கு எதிர்வீடு. கதவைத் தட்டினால் "வாங்க" என்பதற்கு முன்னால் "வீட்ல யாருக்காச்சும் சளியா?" என்ற கேள்வி வரும். இல்லை என்று சொன்ன பிறகுதான் கதவு முழுதாகத் திறக்கும். குடிவந்த புதிதில் என் மனைவி இதைத் திமிர் என்றே நினைத்தாள். "சர்க்கரை கேக்கப் போனா சர்டிபிகேட் கேக்கறா" என்று என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள்.

அவர் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியாளர். வேலை முழுக்கச் சுண்டெலிகளோடு. எங்கள் கட்டடத்தில் அவருக்கு எலி டாக்டர் என்று பெயர் விழுந்து வெகு நாளாகிறது. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. "புலி டாக்டர்னா இன்னும் கொஞ்சம் கம்பீரமா இருந்திருக்கும்" என்று ஒரு முறை சொன்னதோடு சரி.

எந்நேரமும் ஈரத்தலை. எலி அறைக்குள் போகுமுன் தலையோடு குளித்து, அங்கேயே வைத்திருக்கும் உடுப்புக்கு மாறவேண்டும். இரண்டு தடவை உள்ளே போனால் இரண்டு குளியல். மோதிரம், கைக்கடிகாரம், வாசனைத் தைலம் எதுவும் கிடையாது. தொப்பியும் முகமூடியும் போட்ட பிறகு மிஞ்சுவது கண்ணும் புருவமும்தான். கூட வேலை செய்கிறவர்கள் புருவத்தைப் பார்த்தே இன்னார் என்று கண்டுகொள்வார்களாம். அதனாலோ என்னவோ, அவர் வாயைவிட அவர் புருவம் அதிகம் பேசும்.

எலிகளுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. வருஷக்கணக்காக அடக்கிப் பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல் நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். "கத்தினா ஓடித் தப்பிச்சுக்கலாம் சார். அவ பேசறது காதுல விழலைன்னா அன்னிக்கு நான் தொலைஞ்சேன்" என்பது கணவரின் அனுபவ மொழி.

அந்த எலிகளில் அப்படி என்ன விசேஷம் என்று என் மனைவி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள். அன்று யாருக்கும் சளி இல்லாததால் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம உடம்புக்குள்ள கிருமியை அடிச்சு விரட்டக் காவல்காரங்க மாதிரி அணுக்கள் இருக்குல்லக்கா. இந்த எலிங்களுக்குப் பொறக்கும்போதே அது கிடையாது. வீடு இருக்கு, காவல் இல்ல. அந்தக் காலி வீட்டுல மனுஷங்களோட காவல்காரங்களைக் குடிவெக்கறோம்."

"மனுஷங்களோடதா? எங்கேருந்து எடுப்பீங்க?"

"குழந்தை பொறந்ததும் தொப்புள்கொடியைத் தூக்கிப் போடறாங்கள்ல, அதுல இருக்கிற ரத்தம். சம்மதிக்கிற தாய்மார்கள்கிட்ட வாங்கிக்கறோம். எலிக்குள்ள அது வேர்பிடிக்க மாசக்கணக்காகும். அதுவரைக்கும் ஒரு சாதாரண தும்மல் போதும், அத்தனையும் போயிடும்."

என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "அப்ப அது எலியா, மனுஷனா?"

"எலிதான்க்கா. கடிச்சா தெரியும்."

அன்றிலிருந்து வீட்டில் தும்மல் வந்தால் என் மனைவி முதலில் எதிர்வீட்டுக் கதவைப் பார்ப்பாள்.

சிலருக்கு அந்தக் காவல்காரர்களே புத்தி பேதலித்து வீட்டுக்காரனை அடிக்கத் தொடங்குவார்கள். மூட்டு வீங்கும், சிறுநீரகம் கெடும். இப்போதுள்ள மருந்துகள் நல்ல காவல்காரர்களையும் சேர்த்தே தூங்கவைத்துவிடுகின்றன. கலகக்காரர்களை மட்டும் அடக்குகிற ஒரு மருந்தைத்தான் அவர் தம் எலிகளிடம் சோதித்துவந்தார். முதல் முறை வளர்த்த எலிகளில் மனித அணுக்கள் ஒட்டவே இல்லை. இரண்டாம் முறை எங்கிருந்தோ ஒரு கிருமி புகுந்து அத்தனை கூண்டும் காலி. மூன்றாம் முறை அணுக்கள் வேர்பிடித்தன, மருந்தும் கொடுத்தாயிற்று. இதுவும் கெட்டால் ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். எலிகளிடம் ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கையில் துடைப்பத்தோடு மேலே வந்தார்.

"எங்க சமையலறைல ஒரு எலி புகுந்துடுச்சும்மா. நீங்கதான் வந்து பார்க்கணும். உங்களைவிட்டா இதுக்கு வேற யாரு?"

எலி டாக்டர் சட்டென்று பின்வாங்கி, பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு அதன் பின்னால் நின்றார். "நான் அந்தப் பக்கமே வரக்கூடாது சார்."

"ஏன், பயமா?"

"பயம்தான். எனக்காக இல்ல, எங்க எலிங்களுக்காக. வெளியில திரியற எலிகிட்ட இருக்கிற கிருமியை நான் சுமந்துட்டுப் போயிட்டா அதுங்க தாங்காது."

மேலாளர் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இறங்கினார். மாலைக்குள் எலி டாக்டர் எலியைக் கண்டு நடுங்கிய கதை கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மாடியில் துணி உலர்த்த வந்தவர்கள் சிரித்துச் சிரித்துத் துணியைப் பிழியவே மறந்தார்கள்.

இரண்டொரு நாள் கழித்து, வேலையிலிருந்து அவர் படியேறி வரும்போது கணவர் வாசலில் கையை விரித்துக்கொண்டு வழிமறித்து நின்றார்.

"உள்ள வராதே. ஒரு விருந்தாளி வந்திருக்கு."

"யாரு? சளியா?"

"சளி இல்ல. வாலு இருக்கு."

அப்படியே திரும்பி எங்கள் கதவைத் தட்டினார். அன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். குளித்துவிட்டு என் மனைவியின் உடையில் வெளிப்பட்டபோது கை விரல்கள் சட்டைக்குள்ளேயே தொலைந்திருந்தன. என் மனைவி அவரைவிட ஒரு சாண் உயரம்.

அங்கிருந்தபடியே போனில் எலி வேட்டை நடந்தது. ஆளில்லாத லிப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை செய்கிற மனிதர், எதிர்வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"பொறியில பாலாடைக்கட்டி வெச்சுட்டேன்."

"அதெல்லாம் சினிமாவுலதாங்க. வேர்க்கடலையை நசுக்கி வைங்க. சுவரோரமா வைங்க, நடுவுல ஓடாது. மேஜையை விட்டு இறங்குங்க, அது உங்களைத் தேடி வரலை."

"நான் மேஜைமேல இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"குரல் மேலேருந்து வருது."

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. எலி இன்றுதான் வந்ததா, நேற்றே வந்துவிட்டதா? நேற்றே வந்திருந்தால் அதோடு ஒரே வீட்டில் தூங்கிவிட்டுக் காலையில் வேலைக்குப் போயிருக்கிறார். குளித்துத்தான் உள்ளே போனார், கையுறை போட்டிருந்தார், அதுவரை சரி. ஆனால் நாளை மறுநாள் ரத்தம் எடுக்க ஒவ்வொரு எலியையும் கையில் பிடிக்கவேண்டும்.

"காலையில நான் கதவைத் திறந்தப்பதான் நுழைஞ்சிருக்கும்" என்றார் கணவர் போனில். "நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா நீ சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது? இத்தனை மாசம் காத்திருந்துட்டு..."

எலி டாக்டரின் குரல் இறங்கியது. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எலிக்குத் தெரியும்" என்றார்.

அந்தப் போனை வைத்துவிட்டு, எலிக்கூடத்துக் கால்நடை மருத்துவரை அழைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஒரு வாரம் உள்ளே வரவேண்டாம் என்று பதில் வந்தது. "சரி டாக்டர்" என்றவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். என் மனைவி டீ போட எழுந்தாள். வேறு என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ரத்தம் எடுக்கும் பொறுப்பு அவருடைய சக ஆராய்ச்சியாளர் கைக்குப் போயிற்று. ஆறடி உயரம், வெண்கலக் குரல். அங்கே அவருக்குப் பெயர் இடி. கூண்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் எலி டாக்டரோடு அவருக்குத் தகராறு. அன்று இடி உள்ளே நின்றார். எலி டாக்டர் தாழ்வாரத்தில், கண்ணாடிக்கு வெளியே. "அந்தப் புருவம் மேல போனா மெதுவா பிடின்னு அர்த்தம், நெரிஞ்சா நிறுத்துன்னு அர்த்தம்" என்று இடி பின்னால் என்னிடம் சொன்னார். "என் கல்யாணத்துலகூட நான் யாருக்கும் இப்படி அடங்கி நின்னதில்ல."

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர், "உங்க எலிங்க கடைசி வரைக்கும் கண்ணாடி வழியா உங்களையேதான் பார்த்துட்டிருந்துச்சு" என்றாராம்.

"அதுங்களுக்கு அவ்வளவு தூரம் கண்ணே தெரியாது" என்றாராம் இவர். ஆனால் அதை எங்களிடம் சொல்லும்போது முகம் கொஞ்சம் மலர்ந்துதான் இருந்தது.

இதற்குள் எதிர்வீட்டு விருந்தாளி வேர்க்கடலையில் மாட்டியது. கணவர் பொறியைத் துணியால் மூடி, ஸ்கூட்டரில் வைத்து, ஊருக்கு வெளியே ஆளில்லாத வெளியில் விட்டுவிட்டு வந்தார். பிறகு வீட்டைக் கழுவினார், மறுபடி கழுவினார், தன்னையும் கழுவிக்கொண்டார். அதற்கப்புறம்தான் மனைவிக்கு வீட்டுக்குள் அனுமதி.

"போயும் போயும் ஒரு எலியை ஸ்கூட்டர்ல ஏத்திட்டுப் போய் விடணுமா? அங்க நீங்க எத்தனை எலி பார்க்கறீங்க" என்று என் மனைவி கேட்டாள்.

எலி டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அதனாலதான்க்கா. அங்க ஒரு எலியைக்கூடக் காரணமில்லாம தொடமாட்டோம். சோதனை முடிஞ்சதும் அதுங்களை வலி தெரியாம ஒரேயடியாத் தூங்கவெச்சுடணும். அதை நான் வேற யார்கிட்டயும் விடறதில்ல. வேலை வாங்கினது நான். முடிக்கறதும் நானாத்தான் இருக்கணும்."

முடிவு தெரிந்த அன்று அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவரும் அங்கேதான் இருந்தார். எலி டாக்டர் ஏதோ சொன்னார். யாருக்கும் காதில் விழவில்லை. கணவர் எழுந்து நின்றுவிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலையே. எலியை விட்டுட்டேன், தரையைக் கழுவிட்டேன்..."

"அடங்கிடுச்சுங்க" என்றார் அவர், இன்னும் கொஞ்சம் சத்தமாக. "கலகக்காரங்க மட்டும் அடங்கிட்டாங்க. மத்தவங்க எல்லாரும் அப்படியே காவலுக்கு நிக்கறாங்க." கண் நிறைந்திருந்தது. புருவம் இரண்டும் நெற்றியின் உச்சிக்குப் போயிருந்தன. இன்னும் பல கட்டங்கள் தாண்ட வேண்டும், மனிதர்களுக்கு மருந்து போய்ச்சேர வருஷங்கள் ஆகும் என்று அவரே அடுத்த மூச்சில் சொன்னார். ஆனால் ஆராய்ச்சியை மூடுகிற பேச்சு மூடப்பட்டுவிட்டது. என் மனைவி அவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஒரு வாரத் தடை கழிந்து அவர் மறுபடி உள்ளே போகும் நாளில், இதை எழுதுவதற்காக நானும் அனுமதி வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பக்கத்தில் இடி.

"முதல் வரிசைக் கூண்டுக்கு இன்னிக்கு வேலை முடியுது" என்றார், அவருக்கே பொருந்தாத ஒரு சின்னக் குரலில்.

ஈரத்தலையைத் தொப்பிக்குள் அடக்கி, முகமூடிக்கு மேலே புருவம் மட்டும் தெரிய, எலி டாக்டர் உள்ளே வந்தார். முதல் கூண்டை மேஜைமேல் இறக்கினார். ஓரமாகச் சுருண்டிருந்த வெள்ளைச் சுண்டெலி எழுந்து மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தது. மூடியை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. அவர் கையுறை போட்ட உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து வைத்துத் தேய்த்தார். ஒரு கையை இன்னொரு கையின் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். குளிர்ச்சி போகவில்லை போலிருக்கிறது, மறுபடியும் தேய்த்தார். சூடு ஏறிய பிறகுதான் மூடியைத் திறந்தார்.