இரண்டு பேட்டுக்கு ஒரு கோல் காப்பாளர்

சாதக பாதகங்களை எடைபோட்டு, நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்னொரு தேங்காய் ரொட்டி சாப்பிடுவது என்று தீர்மானித்தேன். இடம், பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, காலை 7.40. தொட்டுக்கொள்ள வைத்த கட்டைச் சம்பலும் இந்தத் தீர்மானத்தை ஆதரித்தது. ஐந்து நிமிடத்தில் ஸ்பிரிங்வெளி பஸ் நான் இல்லாமலே புறப்பட்டது. அடுத்தது பத்தரைக்கு என்றார்கள்.

கொழும்பில் ஓராண்டாகக் கணினித் திரையையே பார்த்த கண்களுக்குக் கொஞ்சம் மலை காட்டலாம் என்றுதான் வந்திருந்தேன். முந்தின இரவு தெமோதரையில் தங்கிவிட்டுக் காலை ரயிலில் பதுளை வந்தேன். இனி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம். ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர், முழுவதும் ஏற்றம். முச்சக்கர வண்டிக்காரர் முருகையா போய்வர 2,500 ரூபாய் கேட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"வழியில கிரவுண்டுல அரை மணித்தியாலம் நிப்பாட்டணுங்க சார். எம்பொண்ணு செல்விக்கு இன்னைக்கு ஹொக்கி செலக்‌ஷன்."

அந்த அரை மணித்தியாலம் மாலை நான்கு மணிவரை நீடித்தது.

கொழும்பிலிருந்து நான்கு கம்பனி அணிகள் வந்திருந்தன. தெரிவாகும் பெண்ணுக்குக் கம்பனியில் வேலை, தங்க விடுதி, காலையும் மாலையும் பயிற்சி. இரண்டு வருடத்தில் முழு வீராங்கனை. காலையில் ஒரு போட்டி ஆட விட்டுப் பார்ப்பார்கள். பிறகு பயிற்றுநர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. வெளிநாட்டுப் பனி ஹொக்கியில் இப்படித்தான் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். குளிர்நாடுகளில் நடப்பதால் அதில் அதிர்ச்சியடைய எதுவும் இருக்காது என்று நம்பியும் இருந்தேன்.

செல்வி கோல் காப்பாளர். முருகையாவின் அக்கா மகள் கவிதா முன்வரிசை ஆட்டக்காரி. இருவருக்கும் பதினெட்டு. தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்புவதில்லை, போனால் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு என்பது கவிதாவின் தாய் பாக்கியத்தின் உத்தரவு. அவர் ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறிப்பவர். அன்று வேலைக்குப் போகாமல் எல்லைக்கோட்டருகே குடையோடு நின்றார்.

"ரெண்டு பேரையும் ஒரே டீம் எப்படி எடுக்கும்? முறை மாறிப் போகுமே" என்று முருகையாவிடம் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு லயத்து வீடுகள்ல எல்லாருமாப் பேசி ஒரு வழி வச்சிருக்கோம் சார். கவிதா நல்லா ஆடும். மொதல்லயே எடுத்துருவாங்க. செல்வி மோசமா ஆடும். ஒருத்தரும் சீந்தமாட்டாங்க. கடைசியில அந்த டீம்காரரையே கும்பிட்டு இதையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்குவோம்."

திட்டம் பிசகில்லாமல் நிறைவேறியது. கவிதா ஏழு கோல் போட்டாள். பந்து இடப்பக்கம் வந்தால் செல்வி வலப்பக்கம் பாய்ந்தாள். வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம். ஏழாவது கோலுக்கு முருகையா கைதட்டியபோது பாக்கியம் அவர் முதுகில் குடையால் ஒன்று வைத்தார்.

கடைசி இடத்து அணியின் பயிற்றுநர் சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். அவர் முதல் ஆளாகக் கவிதாவை எடுத்தார். அடுத்த இருவரும் பண்டாரவளைப் பெண்களை எடுத்தார்கள். நான்காவது, போன வருடத்து வெற்றி அணியின் பயிற்றுநர், கண்ணாடி போட்ட ஒரு அம்மா. "செல்வி" என்றார்.

மேசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஏழு தடவையும் தப்பான பக்கம் விழுறதுக்கு, சரியான பக்கம் எதுன்னு ஏழு தடவையும் தெரிஞ்சிருக்கணும்."

பாக்கியம் மேசைக்கு வந்தார். "ரெண்டும் ஒரே எடமுன்னா அனுப்புறேங்க. இல்லாட்டி திங்கக்கிழமை எங்கூடவே பெரட்டுக்கு வரட்டும்." பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம். கவிதா மட்டையால் புல்லைக் குத்திக்கொண்டிருந்தாள். செல்வி யாரையும் பார்க்கவில்லை.

சிவப்புத் தொப்பிக்காரர் கண்ணாடி அம்மாவை ஓரமாக அழைத்துப் போனார். பதுளைச் சந்தையில் கத்தரிக்காய்க்கு இதைவிட அதிக நேரம் பேரம் நடக்கும். காலையில் செல்வி கால்களில் கட்டி ஆடியது சிவப்புத் தொப்பி அணி இரவல் தந்த பேட்கள், புதியவை, தடித்தவை. அந்தக் கால் பேட் இரண்டும் ஹெல்மெட்டும் கண்ணாடி அம்மாவுக்கு, செல்வி சிவப்புத் தொப்பிக்கு. கைகுலுக்கினார்கள். அந்த மைதானத்தில் அதிர்ந்து நின்றது நான் ஒருவன்தான் என்று நினைத்தேன்.

"எம்பொண்ணுக்கு ரெண்டு மெத்தையா?" என்றார் முருகையா.

"அப்பா, அது நல்ல பேட்டுப்பா" என்றாள் செல்வி.

"இந்தியாவுலேருந்து கங்காணி ஆள் கூட்டிட்டு வந்த காலத்துலகூட தலைக்கு இவ்வளவுன்னு காசாத்தான் குடுத்தாங்களாம்" என்றார் பாக்கியம். ஆனாலும் தலையாட்டினார்.

செல்வி புல்லில் உட்கார்ந்து வார்களை அவிழ்த்து, பேட் இரண்டையும் துடைத்து, ஹெல்மெட்டை மேலே வைத்துக் கண்ணாடி அம்மாவிடம் கொடுத்தாள். மாலையில் அவர்கள் நான்கு பேரும் நானும் ஒரே முச்சக்கர வண்டியில் ஸ்பிரிங்வெளி ஏறினோம். மலையில் பாதியைக் கவிதாவின் மட்டை மறைத்தது. மீதியைப் பாக்கியத்தின் குடை. தெரிந்தவரையில் அழகாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காலை பஸ்ஸைப் பிடியுங்கள், ரொட்டியைப் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்குமேல் மழை வரலாம், குளிருக்கு ஒரு சுவெட்டர் போதும். முச்சக்கர வண்டியில் போவதானால் ஓட்டுநரின் குடும்பத்தில் யாராவது ஹொக்கி ஆடுகிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இளம் வீரர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் இருந்தால், கேட்காமல் ஏறுங்கள்.

அடுத்த மாதம் முருகையா தொலைபேசியில் பேசினார். பெண்கள் இருவரும் ஒரே விடுதியில், ஒரே அறையில் இருக்கிறார்களாம். சிவப்புத் தொப்பி அணியிடம் வேறு பேட் இல்லை. முதல் போட்டியில் செல்வி பின்வரிசையில் ஆடினாள். கோலில் யாரும் நிற்கவில்லை.