கண்ணாடிக்காரரின் காது

லாரி ஓட்டும்போது கண்ணாடிக்காரருக்குக் கண் சாலையில், காது முதுகுக்குப் பின்னால். கேபினின் பின்பக்க ஜன்னலில் கண்ணாடி கிடையாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர், தன் லாரியில் மட்டும் அதை என்றைக்கோ கழற்றிப் போட்டுவிட்டார். பின்னால் சாய்வுச் சட்டத்தில் கட்டியிருக்கும் சரக்கு அந்த ஓட்டை வழியாகத்தான் அவரோடு பேசும். கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் "கிண்" என்று ஒன்று முனகும். உடனே ஓரங்கட்டிவிடுவார். "அழுவுதும்மா, இரு, என்னன்னு கேட்டுட்டு வரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்குவார், தொட்டிலைப் பார்க்கப் போகிறவர் மாதிரி.

லாரிக்கும் வயதாகிவிட்டது. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அதன் புகைக்குள் நுழைந்த சைக்கிள்காரர் ஒருவர் வேறு தெருவில் வெளியே வந்ததாகக் கேள்வி.

கண்ணாடியைத் தூக்கும்போது ஒரு முனை அவருக்கு, மறுமுனை மனைவிக்கு. காலையில் சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் இருவர் காலும் ஒன்றாகத்தான் எழும். அந்த அம்மாள் ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது மச்சானிடம் மறுமுனையைக் கொடுத்தார். மச்சான் தும்மினான். அதோடு சரி.

இப்போது அம்மாளுக்கு முழங்கால் மடங்க மறுக்கிறது. பழைய லாரியின் படியோ இடுப்பு உயரம். அவர் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுவதை வேடிக்கை பார்க்கக் கடைத்தெருவே வேலையை நிறுத்தும். அம்மாள் சொல்லிவிட்டாள்: "பழசுதான் வேணும்னா வெச்சுக்குங்க. மறுமுனைக்கு என் தம்பியையே கூப்பிட்டுக்குங்க."

ஷோரூம்காரர் புது லாரி ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். சாயங்காலம் வந்து, வேண்டாத லாரியை அவர் எடுத்துப் போவதாகப் பேச்சு. தாழ்வான படி, அம்மாள் யார் தயவும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் உலகமே வாயை மூடிக்கொண்டது. தையல்கடைக்கு ஆளுயர நிலைக்கண்ணாடி போய்க்கொண்டிருந்தது. வழி முழுக்க ஒரு முனகல் இல்லை.

"சமத்தா வருது" என்று அவரே மெச்சினார்.

இறக்கிப் பார்த்தால் கயிறு தொளதொளவென்று கிடந்தது. கண்ணாடியின் குறுக்கே விரிசல். தையல்காரர் அதில் தன்னைப் பார்த்துக்கொண்டார். "அண்ணே, எனக்கு ரெண்டு இடுப்பு தெரியுது. நான் எதுக்கு அளவெடுக்கறது?"

"அப்போ பழசுதான்" என்றாள் அம்மாள், திரும்பும் வழியில். பட்டறைக்கு வந்ததும் அம்மாள் தன் கையுறைகளைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வேலை முடிந்தால் அவற்றை எப்போதும் லாரியிலேயே போட்டுவைப்பவள்.

சாயங்காலம் ஷோரூம்காரர் வந்தார். "முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

கண்ணாடிக்காரர் ஆணியைப் பார்த்தார். பழைய லாரியின் சாவியை எடுத்து ஷோரூம்காரர் கையில் வைத்தார். பிறகு மெல்லிய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு புது லாரியில் ஏறி, பின்பக்க ஜன்னலின் ரப்பரை நெம்பத் தொடங்கினார்.

"சார், அதைக் கழட்டினா வாரண்டி போயிடும்."

"போகட்டும். எனக்குக் காது கேக்கணும்ல."

"மழை பெஞ்சா முதுகு நனையும்" என்றாள் அம்மாள், நின்ற இடத்திலிருந்தே.

"இத்தனை வருஷம் நனையலியா?"

ரப்பர் முழுதாக உருவி வந்தது. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய கண்ணாடிதான். அவர் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி அப்படியே நின்றார்.

அம்மாள் ஆணியிலிருந்து கையுறைகளை எடுத்தாள்.