வராத தண்ணீருக்கு ஒரு கோடு

நல்ல செய்தி ஒன்றுகூடக் கையில் இல்லாமல் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற பிழைப்பு எங்களுடையது. இன்ஷூரன்ஸ் விற்று அலைந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

நீலமும் சிவப்பும்

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய தெருக்களில் வெள்ள எச்சரிக்கைக்காகச் சுவரில் கோடு போடுவது என் வேலை. போன வெள்ளம் நின்ற உயரத்துக்கு நீலக் கோடு. இனிமேல் மழை ஒரேயடியாகக் கொட்டும் என்பதால், அதற்கு ஒரு முழம் மேலே சிவப்புக் கோடு. மோட்டார், அரிசி டிரம் எல்லாம் சிவப்புக்கு மேலே போக வேண்டும்.

ரிட்டயர்டு வாத்தியார் தேவசகாயம் சார் தன் வீட்டுச் சுவரைக் கண்ணாடியோடு பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "நீலம் சரி தம்பி, அது வந்த தண்ணி. வராத தண்ணிக்கு எதுக்குப்பா கோடு?"

பேரம்

அவர் வீட்டில் கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் துணி தைக்கும் பாத்திமா அக்கா, இன்னொன்று காலி. வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் சிவப்புக் கோட்டைக் கண்டதும் திரும்பிவிட்டார்கள். சார் என்னை டீக்கடையில் மடக்கினார். தண்ணீர் வரும் உயரத்தை என்னிடம் பேரம் பேசலாம் என்று மனிதர்களுக்கு ஏன் தோன்றுகிறது? எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க தம்பி. ஒரு ஜாண் இறக்கினா யாருக்கு என்ன நஷ்டம்?"

பரண்

நான் இறக்கவில்லை. சார் டு-லெட் போர்டைக் கோட்டின் மேலேயே மாட்டிவிட்டார், இடுப்பு உயரத்தில்!

பாத்திமா அக்காவுக்கு அது ரம்ஜானும் தீபாவளியும் ஒட்டி வந்த வருடம். அறை முழுக்க ஊரார் துணி. நனைந்தால் தொழிலே போச்சு. போர்டு எதை மறைக்கிறது என்று அவருக்குத் தெரியும். பரணைக் காலி செய்து துணியை எல்லாம் மேலே ஏற்றினார். வானம் கறுத்தால் தையல் மிஷினையும் கழற்றி ஏற்றுவார். என் கோட்டின் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டேன்.

"நம்பிக்கை இன்னா தம்பி? மழை வரலைன்னா எனக்குக் கால் வலியோட போச்சு. வந்துட்டா ஊரு துணி தப்பிக்கும்."

சேறு

ஏரி வழிந்து தெருவுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் பயந்துகொண்டே ஓடினேன். நீலத்தைத் தாண்டி, சிவப்புக்கு இரண்டு விரல் கீழே சேற்றுத் தடம். பரணில் ஒரு ஜாக்கெட்கூட நனையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாருடைய மோட்டார்தான் சேற்றில் கிடந்தது. அவர் போர்டைக் கழற்றிக் கையில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிவப்பும் வந்த தண்ணி ஆயிடுச்சு. இனிமே வராத தண்ணிக்கு இன்னொண்ணு போட்டுடுங்க தம்பி."

எங்கள் தொழில் இவ்வளவுதான்: வெள்ளம் ஏறினால் கோடு ஏறும், கோடு ஏறினால் அதை மறைக்க டு-லெட் போர்டும் ஏறும்.